ஹாபர்மாஸின் அறநூல்: வாங்கலாமா, எங்கிருந்து படிக்கலாம்?

உரையாடல் அறம், அதாவது எது நியாயம் என்பதைப் பாதிக்கப்படும் எல்லோரும் சேர்ந்து பேசித்தான் முடிவுசெய்ய வேண்டும் என்கிற டிஸ்கோர்ஸ் எதிக்ஸ் பற்றித் தெரிந்துகொள்ள ஒரே ஒரு புத்தகம்தான் வாங்க முடியும், எதை வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது ஜெர்மன் தத்துவவாதி யூர்கன் ஹாபர்மாஸின் ‘மாரல் கான்ஷியஸ்னஸ் அண்ட் கம்யூனிகேடிவ் ஆக்‌ஷன்’. கூடவே இன்னொன்றும் சொல்லிவிடுவேன்: முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள். அப்படி ஆரம்பித்தால் நாற்பதாவது பக்கத்துக்குள் அலுத்துப்போய் மூடிவைத்துவிட வாய்ப்பு அதிகம், ஆனால் புத்தகத்தின் உயிரே அதற்குச் சில பக்கங்கள் தள்ளித்தான் இருக்கிறது.

முதலில் கையில் என்ன கிடைக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஜெர்மன் மூலம் 1983-இல் வந்தது, அதில் நான்கு கட்டுரைகள். 1990-இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பில் ஐந்தாவதாக ஒரு கட்டுரை சேர்ந்தது. மொழிபெயர்ப்பாளர்கள் கிறிஸ்டியன் லென்ஹார்ட், ஷியரி வெபர் நிக்கல்சன். முன்னுரை தாமஸ் மெக்கார்த்தி. மொத்தம் 200 பக்கங்களுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். ஆளை மிரட்டும் தடிமன் இல்லை. ஹாபர்மாஸ் 1981-இல் இரண்டு பெரிய தொகுதிகளாக வெளியிட்ட ‘தகவல்தொடர்புச் செயல்பாட்டுக் கோட்பாடு’ நூலோடு ஒப்பிட்டால் இது சிறுநூல். அந்த இரண்டு தொகுதிகளையும் படித்துவிட்டுத்தான் இதற்கு வரவேண்டும் என்று சிலர் சொல்வார்கள், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அறம் என்ற கேள்வி உங்களை உறுத்துகிறது என்றால் அந்தத் தகுதி போதும்.

ஆனால் இது பாடநூல் இல்லை. வெவ்வேறு சமயங்களில் எழுதிய கட்டுரைகளின் தொகுப்பு. ஒரே விஷயம் மூன்று இடங்களில் மூன்று விதமாக வரும், முக்கியமான ஒரு படி எங்கேயுமே முழுதாக வராது (அதைப் பிறகு சொல்கிறேன்). மூன்றாவது கட்டுரையின் துணைத்தலைப்பிலேயே ‘குறிப்புகள்’ என்றுதான் போட்டிருக்கிறார், ஏதோ அடக்கத்துக்குச் சொன்னது என்று நினைத்துவிடாதீர்கள், உண்மையிலேயே குறிப்புகள்தான். கச்சிதமாகக் கட்டிமுடித்த ஒரு கோட்பாட்டை எதிர்பார்த்து வாங்குபவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும்.

சரி, மூன்றாவது கட்டுரைக்கு வருவோம். எழுபது பக்கத்துக்குக் கொஞ்சம் கூடுதல். நேரே இங்கே வாருங்கள்.

கட்டுரை தொடங்குகிற சூழல் முக்கியம். ‘கொலை தவறு’ என்று சொல்வது வெறும் வெறுப்பின் வெளிப்பாடு, அதில் உண்மை பொய் என்று எதுவும் கிடையாது என்ற கருத்தை ஏயர், ஸ்டீவன்சன் போன்ற தத்துவவாதிகள் இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியிலேயே வலுவாக முன்வைத்துவிட்டார்கள். 1981-இல் அலஸ்டேர் மெக்கின்டயர் என்ற தத்துவவாதி வேறொரு பக்கத்திலிருந்து வந்து, பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் அறிவொளிக்காலம் பகுத்தறிவைக் கொண்டு அறத்தை நிறுவப் பார்த்த முயற்சியே தோற்றுப்போனது என்றார். இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் நின்றுகொண்டு, இல்லை, எது நியாயம் என்ற கேள்விக்குக் காரணம் காட்டிப் பதில் சொல்ல முடியும், அந்தப் பதில் சரியா தவறா என்று வாதிடவும் முடியும் என்று ஹாபர்மாஸ் சொல்கிறார். 1983-இல் தத்துவ உலகில் இது பழமைவாதம் மாதிரி கேட்டிருக்கும். இன்றைக்கும் ‘எல்லாம் அவரவர் பார்வை’ என்று சொல்லிவிட்டுப் போவதுதான் புத்திசாலித்தனம் என்று பலர் நினைக்கிறார்கள், அதனாலேயே இந்தக் கட்டுரை எனக்கு இன்னும் அவசியமாகப் படுகிறது.

ஆரம்பிக்கும் விதமும் அழகு. நேராக விதிகளுக்குப் போகாமல் மனக்கசப்பிலிருந்து தொடங்குகிறார். பிரிட்டிஷ் தத்துவவாதி ஸ்ட்ராசன் 1962-இல் எழுதிய ஒரு கட்டுரையை எடுத்துக்கொள்கிறார். யாரோ என் கையை மிதித்துவிட்டார், வலிக்கிறது. தெரியாமல் மிதித்தார் என்றால் வலி மட்டும்தான், வேண்டுமென்றே மிதித்தார் என்றால் வலியோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. அந்த இன்னொன்று என்ன? ‘இப்படி என்னை நடத்த உனக்கு உரிமை இல்லை’ என்ற குறை. அது என்னைப் பற்றியது மட்டுமில்லை, யாரையும் அப்படி நடத்தக் கூடாது என்ற எதிர்பார்ப்பு அதற்குள்ளே இருக்கிறது. மிதித்தவர் ‘மன்னிக்கணும், கவனிக்கலை’ என்று சொன்னால் கசப்பு கரைகிறதே, ஏன்? காரணம் கேட்டோம், காரணம் வந்தது. ஆக, அறம் என்பது தத்துவவாதி வந்து கட்டித்தர வேண்டிய வீடு இல்லை, நாம் ஏற்கெனவே அதற்குள் குடியிருக்கிறோம் என்கிற இடத்திலிருந்து ஹாபர்மாஸ் வேலையை ஆரம்பிக்கிறார். சந்தேகவாதியை மடக்க இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரிந்து இல்லை.

அடுத்தது பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மன் தத்துவவாதி காண்ட். 1785-இல் காண்ட் தந்த சோதனை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: நீ பின்பற்றும் விதி எல்லோருக்கும் பொதுவிதியாக வேண்டும் என்று உன்னால் விரும்ப முடியுமா? நல்ல சோதனை. ஆனால் அதை நான் தனியாக, என் அறையில், என் மண்டைக்குள் செய்துமுடித்துவிடலாம். அமெரிக்கத் தத்துவவாதி ஜான் ரால்ஸ் 1971-இல் அறியாமைத் திரையைக் கொண்டுவந்தார். நீ பணக்காரனா ஏழையா, ஆணா பெண்ணா என்று தெரியாத நிலையில் சமூக விதிகளைத் தேர்ந்தெடு என்றார். அதையும் ஒருவரே செய்துமுடிக்கலாம், ஏனென்றால் திரைக்குப் பின்னால் எல்லோரும் ஒரே மாதிரிதான் யோசிப்பார்கள். ஹாபர்மாஸின் மொத்த வாதமும் இந்த ‘தனியாக’ என்ற இடத்தில்தான் கைவைக்கிறது.

இது ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்று புரிய ஓர் அலுவலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். துப்புரவுப் பணியாளர்கள் காலை 8 மணிக்கு வருகிறார்கள், இனி விடியற்காலை 5 மணிக்கு வரவேண்டும் என்று மாற்ற நிர்வாகம் பார்க்கிறது. மேலாளர் நல்லவர், மனசாட்சி உள்ளவர். உட்கார்ந்து யோசிக்கிறார்: நான் அந்த வேலையில் இருந்தால் இதை ஏற்பேனா? ஏற்பேன், சீக்கிரம் வந்தால் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம், கூட்டமில்லாமல் நிம்மதியாக வேலை பார்க்கலாம். முடிவு எடுத்துவிடுகிறார். காண்ட்டின் சோதனையையே செய்ததாக அவருக்குத் திருப்தி. இப்போது அதே பணியாளர்களை அழைத்து உட்காரவைத்துக் கேட்டால் என்ன ஆகும்? ஒருவர் அந்த நேரத்தில் பேருந்து கிடையாது என்பார். இன்னொருவர் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வீட்டில் வேறு ஆள் இல்லை என்பார். மூன்றாமவர் எனக்கு 5 மணிதான் வசதி, மதியம் இன்னொரு வேலை பார்க்கலாம் என்பார். நான்காமவர் யாருமே நினைத்துப்பார்க்காத ஒன்றைச் சொல்வார்: ‘8 மணிக்கு வந்தால் நாலு பேர் எங்களைப் பார்த்து வணக்கம் சொல்கிறார்கள், 5 மணிக்கு வந்து போனால் நாங்கள் இருப்பதே யாருக்கும் தெரியாது.’ இந்தக் கடைசி வாக்கியம் எவ்வளவு நல்ல மேலாளரின் கற்பனையிலும் தானாக வந்திருக்காது. இன்னொன்றும் நடக்கும், அதை ஹாபர்மாஸ் அழுத்திச் சொல்கிறார்: பேசப்பேச அவரவருக்கே தனக்கு என்ன வேண்டும் என்பது மாறும், தெளியும். என் தேவை என்ன என்பதை நான்தான் கடைசியில் சொல்ல வேண்டும், ஆனால் அதை நான் புரிந்துவைத்திருக்கும் விதத்தை மற்றவர்கள் கேள்வி கேட்கலாம். மேலாளர் எவ்வளவு நேரம் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாலும் இது நடக்காது.

இதிலிருந்து வருவதுதான் அந்தப் பிரபலமான இரண்டு கொள்கைகள். யு கொள்கை (யூனிவர்சலைசேஷன், பொதுமையாக்கம் என்பதன் முதலெழுத்து) என்ன சொல்கிறது என்றால், ஒரு விதியை எல்லோரும் பின்பற்றினால் ஒவ்வொருவரின் நலனுக்கும் என்னென்ன விளைவும் பக்கவிளைவும் வரும் என்று எதிர்பார்க்கலாமோ, அவற்றைப் பாதிக்கப்படுகிற எல்லோரும் கட்டாயமில்லாமல் ஏற்க முடிய வேண்டும், தெரிந்த மாற்றுவழிகளைவிட இதையே விரும்பவும் வேண்டும். டி கொள்கை (டிஸ்கோர்ஸ் என்பதன் முதலெழுத்து) இன்னும் சுருக்கம்: நடைமுறை விவாதத்தில் பங்கேற்பவர்கள் என்ற முறையில், பாதிக்கப்படும் எல்லோருடைய ஒப்புதலையும் பெறுகிற, அல்லது பெறக்கூடிய, விதிகள் மட்டுமே செல்லும். அவ்வளவுதான். எதைச் செய், எதைச் செய்யாதே என்று ஒரு வார்த்தை கிடையாது. பட்டியலை எதிர்பார்த்து வந்தவர்கள் இங்கே கையை விரிப்பார்கள், ஆனால் ஹாபர்மாஸ் சொல்வதில் நியாயம் இருக்கிறது: பட்டியலைத் தத்துவவாதி போட்டால் அதுவும் அந்த மேலாளர் செய்த வேலைதான்.

இனி புத்தகத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இந்தக் கொள்கையை நான் ஏன் ஏற்க வேண்டும், இது ஐரோப்பியப் பேராசிரியர் ஒருவரின் விருப்பம்தானே என்று கேட்டால்? ஹாபர்மாஸ் இங்கே சட்டத் தத்துவவாதி ராபர்ட் அலெக்ஸி தொகுத்த விவாத விதிகளை எடுத்துப்போடுகிறார். பேசவும் செயல்படவும் திறன் உள்ள யாரும் கலந்துகொள்ளலாம். யாரும் எதையும் கேள்வி கேட்கலாம், எந்தக் கருத்தையும் முன்வைக்கலாம், தன் விருப்பத்தையும் தேவையையும் சொல்லலாம். உள்ளிருந்தோ வெளியிலிருந்தோ வரும் எந்தக் கட்டாயமும் இந்த உரிமைகளைத் தடுக்கக் கூடாது. இவை யாரோ கூடி வகுத்த சட்டங்கள் இல்லை, சதுரங்க விதிகள் போல ஆட்டத்தையே உண்டாக்குகிற விதிகளும் இல்லை என்று அவரே தெளிவுபடுத்துகிறார். வாதத்தில் இறங்கிய எவரும், தெரிந்தோ தெரியாமலோ, இவற்றை ஏற்றுக்கொண்டுதான் வாயைத் திறக்கிறார் என்பதுதான் அவர் சொல்வது.

நம்பிக்கை வரவில்லையா? புத்தகத்தில் வரும் ஒரு வாக்கியத்தை என் வார்த்தைகளில் தருகிறேன், சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்: ‘அ, ஆ, இ மூன்று பேரையும் வாயை மூடவைத்து வெளியே நிறுத்திவிட்டு, இந்த விதி நியாயமானதுதான் என்று நாங்கள் அலசி ஆராய்ந்து உறுதிசெய்துகொண்டோம்.’ சொல்லும்போதே தடுக்குகிறது இல்லையா. இலக்கணப்பிழை ஒன்றும் இல்லை, தர்க்கப்படியும் நேரடி முரண் இல்லை. ஆனால் ‘ஆராய்ந்து உறுதிசெய்தோம்’ என்பதை முன்பாதி அரித்துவிடுகிறது. சொல்கிற செயலும் சொல்லப்படுகிற விஷயமும் மோதுகின்றன, இதைத்தான் செயல்முரண் என்கிறார்கள். யாரும் இந்த வாக்கியத்தை இப்படியே கூட்டக்குறிப்பில் எழுதமாட்டார்கள். ‘விரிவான ஆலோசனைக்குப் பின்’ என்று எழுதுவார்கள். ஆலோசனை நடந்ததாக எழுத வேண்டியிருக்கிறதே, அந்தக் கட்டாயம்தான் ஹாபர்மாஸின் சாட்சி.

சரி, வாதத்துக்கே வரமாட்டேன் என்று ஒருவர் வாயை மூடிக்கொண்டால்? மூடிக்கொள்ளட்டும், ஆனால் அன்றாட வாழ்க்கையை விட்டு எங்கே போவார் என்று கேட்கிறார். வீட்டில் வாக்குக் கொடுக்கிறார், கடன் கேட்கிறார், குறை சொல்கிறார், காரணம் கேட்கிறார். இந்தப் பேச்சுவலையிலிருந்து முழுவதும் வெளியேற வேண்டுமென்றால் தற்கொலையோ கடுமையான மனநோயோதான் வழி என்று கொஞ்சம் கடுமையாகவே எழுதியிருக்கிறார். அந்த இடத்தைப் படிக்கும்போது எனக்கு நெருடியது, மனநோயை இப்படி வாதத்தின் ஓரத்தில் நிறுத்திவைக்க வேண்டியதில்லை. ஆனால் வாதத்தின் வலு அதனால் குறையவில்லை.

இதே அடித்தளத்தை அவருடைய நண்பர் கார்ல்-ஓட்டோ ஆபெலும் போட்டார், சொல்லப்போனால் ஆபெல்தான் முன்னோடி. 1973-லேயே வந்த அவருடைய நூலில் இதன் விதை இருக்கிறது. வேறுபாடு எங்கே என்றால், இந்த அடித்தளம் இறுதியானது, இனி யாராலும் அசைக்க முடியாதது என்று ஆபெல் சொல்வார். அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை, இதற்கு மாற்று எதுவும் இதுவரை தென்படவில்லை என்று காட்டினால் போதும், விவாதத்தின் விதிகளை நாம் எடுத்துச்சொல்லும் விதத்திலும் தவறு இருக்கலாம், சோதித்துப் பார்க்கலாம் என்பது ஹாபர்மாஸின் நிலை. நான் ஹாபர்மாஸ் பக்கம். அசைக்க முடியாதது என்று யாராவது சொன்னால் அங்கே விவாதம் முடிந்துபோகிறது, விவாதத்தை நம்பும் ஒரு கோட்பாட்டுக்கு அது பொருந்தாது. ஆனால் வேறொரு கேள்வியில் ஆபெல் நேர்மையாக நின்றார் என்று நினைக்கிறேன்: எதிராளி விவாதத்தை மதிக்காமல் சூழ்ச்சி செய்கிறார், என்னை நம்பிப் பல பேர் இருக்கிறார்கள், அப்போது நான் மட்டும் நியாயமாகப் பேசிக்கொண்டிருந்தால் அவர்களைப் பலிகொடுத்ததாகிவிடாதா? இதற்காகவே அவர் தன் அறவியலை இரண்டு பகுதியாகப் பிரித்து, இரண்டாவதில் நிலைமை கனியும்வரை பொறுப்போடு எப்படி நடப்பது என்று யோசித்தார். ஹாபர்மாஸின் இந்தப் புத்தகத்தில் அந்தக் கேள்விக்கு எனக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை.

அப்புறம், நான் ஆரம்பத்தில் சொன்ன அந்த விட்டுப்போன படி. விவாதத்தின் முன்னிபந்தனைகளிலிருந்து யு கொள்கையை வருவிக்க முடியும் என்கிறார் ஹாபர்மாஸ். படிப்படியாக வருவித்துக் காட்டியிருக்கிறாரா என்றால், இல்லை. விதிகள் இங்கே இருக்கின்றன, கொள்கை அங்கே இருக்கிறது, நடுவில் பாலம் ‘விதியை நியாயப்படுத்துவது என்றால் என்ன என்று நமக்குத் தெரியும்’ என்ற ஒற்றைப் பலகை. எல்லோரும் பேசலாம் என்பதிலிருந்து, எல்லோரும் ஏற்றால்தான் செல்லும் என்பதற்குத் தாவ முடியுமா? என் பேச்சைக் கேட்டுவிட்டு, நன்றாக யோசித்துவிட்டு, எனக்கு எதிராக முடிவெடுத்தால் அதில் என்ன செயல்முரண்? விமர்சகர்கள் இங்கேதான் பிடித்தார்கள், வில்லியம் ரேக் 1994-இல் இந்த இடைவெளியை நிரப்ப ஒரு முழுநூலே எழுதினார். தத்துவவாதி செய்லா பென்ஹபீப் வேறு வழியில் போனார், யு கொள்கையே தேவையில்லை, டி கொள்கையும் விவாத விதிகளுக்குள் இருக்கும் மரியாதையும் போதும் என்றார். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

டி கொள்கையிலும் ஒரு சிக்கல் உண்டு, மேலே சொன்னபோதே சிலர் கவனித்திருப்பீர்கள்: ‘அல்லது பெறக்கூடிய’. இந்த இரண்டு சொற்களைக் கொஞ்சம் தளர்வாக விட்டால் நம் மேலாளர் கொல்லைப்புறம் வழியாக உள்ளே வந்துவிடுவார். ‘அவர்களைக் கேட்டிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பார்கள்’ என்பார். உண்மையான விவாதம் நடக்க வேண்டும் என்று ஹாபர்மாஸ் பல இடங்களில் வற்புறுத்துகிறார், ஆனால் எல்லோரையும் எப்போதும் கூட்ட முடியாதே, அதற்காகத்தான் இந்த வாசல். கைக்குழந்தை, ஆழ்ந்த மயக்கத்தில் கிடக்கும் நோயாளி, இன்னும் பிறக்காத தலைமுறை, இவர்களுக்காக யாராவது பேசத்தான் வேண்டும். அந்த ‘யாராவது’ யார், அவர் சரியாகப் பேசுகிறாரா என்று யார் பார்ப்பது என்பதற்குப் புத்தகத்தில் இடம் மிகக் குறைவு. விலங்குகள் நிலைமை இன்னும் மோசம். பின்னால் 1991 நூலில் அவற்றைப் பற்றி எழுதினார், நம்மோடு பழகும் உயிர்கள் என்ற முறையில் அறக்கடமை போன்ற ஒன்று உண்டு என்கிற அளவுக்கு வந்தார். ‘போன்ற ஒன்று’ எனக்குப் போதவில்லை. வலிக்கிற உயிர் பேசாது என்பதற்காக அதன் வலி இரண்டாந்தரம் ஆகிவிடுமா? இந்த ஒரு கேள்வியில் பயன்வாதிகள், அதாவது மொத்த நன்மை கூடுவதே சரி என்பவர்கள், பக்கம் வலுவாக இருக்கிறது. மற்ற கேள்விகளில், ஐந்து பேர் லாபத்தைக் கூட்டி ஒருவர் நட்டத்தைக் கழிக்கும் அந்தக் கணக்கை ஹாபர்மாஸ் தடுக்கும் விதம் எனக்கு உடன்பாடு. பாதிக்கப்படும் ஒருவர் ‘முடியாது’ என்றால் கூட்டல் கழித்தல் நின்றுவிட வேண்டும், காரணத்தைக் கேட்க வேண்டும்.

1998-இல் அமெரிக்கத் தத்துவவாதி ஸ்கேன்லன் எழுதிய நூலோடு சேர்த்துப் படிப்பவர்களுக்கு ஒரு நன்மை இருக்கிறது. நியாயமான எவரும் காரணத்தோடு நிராகரிக்க முடியாத கொள்கை எதுவோ அதுவே சரி என்பது ஸ்கேன்லனின் வழி. கேட்க ஹாபர்மாஸ் மாதிரியே இருக்கும், ஆனால் ஸ்கேன்லனிடம் இந்த நிராகரிப்பை நாமே யோசித்துக் கண்டுபிடிக்கலாம், ஆட்களை அழைக்கும் கட்டாயம் இல்லை. ஆங்கிலோ-அமெரிக்க அறவியலில் ஸ்கேன்லன் பேசப்படும் அளவுக்கு ஹாபர்மாஸ் பேசப்படுவதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது, நடை ஒரு காரணமாக இருக்கலாம். ரால்ஸும் ஹாபர்மாஸும் 1995-இல் ஓர் ஆய்விதழில் நேருக்குநேர் மோதிக்கொண்டதைத் தேடிப் படியுங்கள், இரண்டு பேருமே மரியாதையோடும் விட்டுக்கொடுக்காமலும் எழுதியிருப்பார்கள்.

நான்காவது கட்டுரை, அதாவது நூலின் தலைப்பைத் தாங்கி நிற்பது, எனக்கு அவ்வளவு ஒட்டவில்லை. உளவியலாளர் லாரன்ஸ் கோல்பர்க்கின் ஆறு அறவளர்ச்சிக் கட்டங்களை எடுத்துக்கொண்டு, குழந்தை எப்படி மற்றவரின் கண்ணால் பார்க்கக் கற்றுக்கொள்கிறது என்பதோடு பொருத்திக் காட்டுகிறார். உளவியல் படித்தவர்களுக்குச் சுவையாக இருக்கும். ஆனால் கட்டம், உட்கட்டம், அட்டவணை என்று போய்க்கொண்டே இருக்கிறது. உளவியலாளர் கரல் கில்லிகன் 1982-இல் எழுப்பிய கேள்வியை, அக்கறையும் உறவும் அறத்தில் எங்கே என்ற கேள்வியை, இங்கே எதிர்கொள்கிறார். அது விதியை நியாயப்படுத்துவது பற்றியதல்ல, விதியைச் சூழலுக்குப் பொருத்துவது பற்றியது, அப்புறம் நல்வாழ்வு பற்றியது என்று நகர்த்திவைக்கிறார். இந்த நகர்த்தலை நான் ஏற்கவில்லை. படுக்கையில் கிடக்கும் தாயை யார் பார்த்துக்கொள்வது என்று உடன்பிறந்தவர்கள் உட்கார்ந்து பேசும்போது அங்கே நீதி எது, அக்கறை எது என்று கோடு கிழிக்க முடியுமா? முதலில் எதைப் ‘பொது விஷயம்’ என்று ஏற்பது என்பதே பெண்களுக்கு எதிராக எத்தனையோ காலம் திரும்பியிருக்கிறது. பென்ஹபீப் இங்கேயும் உதவுகிறார்: எல்லோருக்கும் பொதுவான உரிமை உள்ள ‘யாரோ ஒருவர்’ மட்டும் போதாது, தனக்கென்று ஒரு கதையும் உடம்பும் உறவும் உள்ள குறிப்பிட்ட இந்த ஆளும் உரையாடலில் இருக்க வேண்டும் என்கிறார். அதே தடத்தில் தத்துவவாதி ஐரிஸ் மரியன் யங் 2000-இல் எழுதிய நூலில், வாதம் மட்டும்தான் பேச்சா, முகமன் சொல்வதும் கதை சொல்வதும் உணர்ச்சியோடு பேசுவதும் பேச்சில்லையா என்று கேட்டார். திக்கித் திக்கிப் பேசுபவர், கோபத்தில் குரல் உயர்ந்துவிடுபவர், காரணங்களை வரிசையாக அடுக்கத் தெரியாதவர், இவர்கள் எல்லோரும் கூட்டத்துக்கு வந்தும் கேட்கப்படாமல் போகிறார்கள். அந்த நான்காவது பணியாளர் சொன்னதை நினைத்துப்பாருங்கள். அது வாதமே இல்லை, ஒரு வாக்கியக் கதை. ஹாபர்மாஸின் விதிப்படி அதற்கு இடம் உண்டு, ‘விருப்பத்தையும் தேவையையும் சொல்லலாம்’ என்ற வரிக்குள் வந்துவிடுகிறது, ஆனால் நடைமுறையில் அதை ‘உணர்ச்சிவசப்பட்ட பேச்சு’ என்று ஒதுக்குவதைத் தடுக்க இந்தப் புத்தகத்தில் ஒன்றும் இல்லை.

முதல் கட்டுரை தத்துவத்தின் வேலை என்ன என்பது பற்றி. காண்ட் தத்துவத்தை மற்ற அறிவுத்துறைகளுக்கு இடம் காட்டுகிறவராகவும் நீதிபதியாகவும் உட்காரவைத்தார், அந்த நாற்காலியிலிருந்து இறங்கி மற்ற துறைகளோடு சேர்ந்து வேலைசெய்ய வேண்டும் என்பது சாரம். நன்றாகவே இருக்கிறது, கடைசியில் படித்தால் இன்னும் நன்றாக இருக்கும். இரண்டாவது சமூக அறிவியலின் முறைமை பற்றியது, அந்தத் துறையில் இல்லாதவர்கள் தாண்டிப் போகலாம்.

நடையைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. மொழிபெயர்ப்பாளர்கள் முடிந்ததைச் செய்திருக்கிறார்கள், ஜெர்மன் வாக்கியங்களைப் பல இடங்களில் உடைத்துத் தந்திருக்கிறார்கள். அப்படியும் ஒரு பத்தியில் ஆறேழு பெயர்கள் வரும், மூன்று பேர் கருத்தை மறுத்து, நான்காமவரைப் பாதி ஏற்று, அதற்குப் பிறகுதான் தன் பேச்சுக்கு வருவார். எல்லோரையும் உள்ளே அழைக்கிற ஒரு கோட்பாடு இவ்வளவு பேரை வாசலிலேயே நிறுத்துகிற நடையில் இருப்பது எனக்கு வருத்தம்தான். பேனாவோடு படியுங்கள், பெயர்களைக் கண்டு பயப்படாதீர்கள், வாதத்தின் இழையை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். மெக்கார்த்தியின் முன்னுரை சிறியது, தெளிவானது. மூன்றாவது கட்டுரைக்குப் போகும் முன் அதைப் படித்துவிட்டால் பாதிச் சுமை இறங்கிவிடும்.

இதில் சொன்னது எதுவும் ஹாபர்மாஸின் கடைசி வார்த்தை இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1992-இல் சட்டமும் ஜனநாயகமும் பற்றி எழுதியபோது டி கொள்கையை அறத்திலிருந்து கொஞ்சம் விலக்கி, சட்டத்துக்கும் பொருந்தும் பொதுக்கொள்கையாக மாற்றினார். அதனால் இதைப் படித்துவிட்டு நேராக அந்தப் பெரிய நூலுக்குப் போகிறவர்கள் அதே பெயரில் வேறு பொருள் வருவதைக் கவனிக்க வேண்டும்.

கடைசிக் கட்டுரையைத் தவறவிடாதீர்கள். காண்ட்டின் மேல் அவருக்குப் பின் வந்த ஜெர்மன் தத்துவவாதி ஹெகல் வைத்த குற்றச்சாட்டுகள் உரையாடல் அறத்துக்கும் பொருந்துமா என்று கேட்டு, நான்கையும் ஒவ்வொன்றாக எடுக்கிறார்: வெறும் வடிவம், வெற்றுப் பொதுமை, செயலுக்கு உதவாத ‘வேண்டும்’, தூய கொள்கைப் பிடிப்பு வன்முறையாக மாறும் ஆபத்து. சுருக்கமாக, நிதானமாக, எதிராளியின் வாதத்தை வலுவான வடிவத்திலேயே எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறார். வடிவம்தான் என்றாலும் உள்ளடக்கத்தை வாழ்க்கையே கொண்டுவந்து கொட்டுகிறது, முரண்பாடு வரும்போதுதானே விவாதம் தொடங்குகிறது என்கிறார். கொள்கை மட்டும் இருந்தால் போதாது, பிள்ளை வளர்ப்பும் சட்டமும் நிறுவனங்களும் பாதிவழியாவது அதற்கு எதிர்கொண்டு வரவேண்டும் என்றும் ஒத்துக்கொள்கிறார். இந்த ஒப்புதலில்தான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை கூடியது.

முடிவுக்கு அருகில் தன் காலத்தின் நான்கு பெரிய அறச்சுமைகளை வரிசையாகச் சொல்கிறார். மூன்றாம் உலகின் பசியும் வறுமையும், சர்வாதிகார நாடுகளில் சித்திரவதையும் மனித மாண்பை மிதிப்பதும், மேற்கத்தியத் தொழில்நாடுகளில் பெருகும் வேலையின்மையும் செல்வ ஏற்றத்தாழ்வும், அணு ஆயுதப் போட்டியால் மனிதகுலமே தன்னை அழித்துக்கொள்ளும் அபாயம். இவற்றுக்கு முன்னால் அறவியல் கோட்பாடு தன்னால் முடிந்தது குறைவு என்று ஒத்துக்கொள்கிறது. நம் அற உணர்வின் பொதுவான மையத்தை விளக்கலாம், எதுவும் எதற்கும் சமம் என்ற வாதத்தை மறுக்கலாம், அதற்கு மேல் தத்துவம் யாருடைய பொறுப்பையும் தான் வாங்கிக்கொள்ளாது, தத்துவவாதிகளின் பொறுப்பையும் சேர்த்துத்தான். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன். பிடித்துவைத்த ஒரு நட்சத்திரம் அந்த விட்டுப்போன படிக்கும் பேசமுடியாத உயிர்களுக்கும். வாங்குகிறவர்கள் இதோடு பென்ஹபீப்பின் 1992 நூலான ‘சிச்சுவேட்டிங் த செல்ஃப்’-ஐயும் சேர்த்து எடுத்துவைத்துக்கொள்ளுங்கள், மூன்றாவது கட்டுரையை முடித்த கையோடு அதைத் திறந்தால் என்னைப் போலவே உங்களுக்கும் சண்டைபோட நிறைய விஷயம் கிடைக்கும்.